அறக்கொட்டி அறியும் நெல்லின் குலம்

திருகோணமலைக்கு வருவோர் முதலில் நாடுவது கடலைத்தான். கோணேசர் கோயில் கொண்ட சுவாமி மலையின் உச்சியில் நின்று, கீழே ஆழ நீலமாய்க் கிடக்கும் கடலையும், மலைகள் கை கோத்துக் காவல் காக்கும் இயற்கைத் துறைமுகத்தையும் கண்டு வியக்காதார் இல்லை. போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்தின்மேல் கண்வைத்துப் போரிட்ட கதையை நம் மாணவர் பாடநூலிலே படிக்கின்றனர். சீனன்குடாவின் கரையிலோ கோதுமையை மாவாக்கும் ஆலை ஓங்கி நிற்கிறது. கப்பலில் வந்த உணவுக்கு அது சாட்சி.

ஆயினும் இம்மாவட்டத்தின் சோறு கப்பலில் வருவதன்று. துறைமுகத்துக்குப் புறங்காட்டித் திரும்பிச் சில கல் தூரம் சென்றால், தம்பலகாமத்து வயல்வெளி தொடங்கிவிடுகிறது. அப்பால் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நிலங்கள். தெற்கே கிண்ணியா, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூர். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை மலையகத்தில் பிறந்து இக்குடாவிலேதான் கடலைத் தழுவுகிறது. அது கொண்டுவந்து சேர்த்த வண்டலில் விளையும் நெல்லே இம்மண்ணின் மெய்யான செல்வம். கிழக்கிலங்கை மக்கள் வயலில் நிற்கும் நெற்பயிரையே ‘வேளாண்மை’ என்று அழைக்கின்றனர். தொழிலின் பெயரே பயிருக்கும் பெயராயிற்று. அப்பெயருக்குள் ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்த வேளாண்மைக்கு ஒரு பகைவன் உண்டு. நெல்லின் அடித்தண்டிலே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்திலே கூட்டமாய் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் கபில நிறச் சிறு பூச்சி அது. விவசாயத் திணைக்களம் அதனைக் கபில நிறத் தத்தி என்று குறிக்கும். நம் உழவர் அறக்கொட்டி என்பர், அறக்கொட்டியான் என்றும் கூறுவர். தமிழகத்தார் அதற்கு இட்ட பெயர் புகையான். பசுமையாய் நின்ற வயலின் நடுவே வட்ட வட்டமாய்ப் பயிர் காய்ந்து, புகை படிந்ததுபோல் நிறம் மாறி, சில நாட்களில் தீப்பட்டதுபோல் கருகிவிடும். அக்காட்சியைக் கண்டவர்க்குப் புகையான் என்ற பெயரின் பொருத்தம் விளங்கும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இது நேர்ந்தால், கடன் வாங்கி விதைத்தவன் வரம்பில் அமர்ந்து தலையில் கைவைப்பதைத் தவிர வேறென் செய்வான்?

ஒரே வட்டையில், ஒரே வாய்க்கால் நீர் பாயும் இரண்டு வயல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்கு இப்புறம் உள்ள வயல் கருகுகிறது. அப்புறத்து வயலோ பெரும்பாலும் பிழைத்து நிற்கிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? விதியென்பார் சிலர், மருந்து அடித்த நாளின் பலன் என்பார் வேறு சிலர். இட்ட பசளையின் அளவும், பாய்ச்சிய நீரின் அளவும், தெளித்த மருந்தின் வகையும் இதிலே பங்கு கொள்ளும் என்பது மெய்யே. எனினும் இவற்றுக்கெல்லாம் முந்திய காரணம் ஒன்று விதைச் சாக்குக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும். அதுதான் நெல்லின் குலம்; இக்காலத்தார் சொல்லும் வர்க்கம். விதைக்கும் நெல் எவ்வர்க்கம் என்பதைப் பொறுத்துப் பூச்சியின் பசியும், வளர்ச்சியும், ஆயுளும், சந்ததியும் மாறுகின்றன. இது எவ்வாறு என்பதையே இங்கு நாம் காணப்போகிறோம்.

பூச்சியின் வாழ்வு

அறக்கொட்டியின் வாழ்க்கை குறுகியது. தாய்ப்பூச்சி நெல்லின் இலைமடலைக் கீறி அதனுள்ளே முட்டைகளைப் பொதித்து வைக்கிறது. ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை ஐந்து முறை தோலுரித்து, இரண்டு மூன்று வாரங்களில் முழுப் பூச்சியாகின்றன. ஆகவே ஒரு போகத்துக்குள்ளே மூன்று நான்கு தலைமுறைகள் தோன்றிவிட இடமுண்டு. ஒரு தாய் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடவல்லது. நான்காம் தலைமுறையில் தொகை என்னவாகும் என்பதைக் கணக்கு ஆசிரியர் மாணவருக்கு ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம்.

இதன் உடலமைப்பிலே ஒரு விந்தையும் உண்டு. இப்பூச்சியில் குறுஞ்சிறகு உடையவை, நெடுஞ்சிறகு உடையவை என இரு வடிவங்கள் இருக்கின்றன. உணவு செழித்த இடத்தில் குறுஞ்சிறகுப் பெண்கள் பெருகுகின்றன. பறந்து செல்லும் வேலை இன்மையால் அவை முட்டையிடுவதிலேயே முனைகின்றன. கூட்டம் நெருங்கிப் பயிர் வாடத் தொடங்கியதும் நெடுஞ்சிறகுப் பூச்சிகள் தோன்றிக் காற்றிலேறிவிடுகின்றன. ஆண்டுதோறும் இவை சீனத்திலிருந்து கடல் தாண்டி யப்பானுக்கும் கொரியாவுக்கும் செல்கின்றன என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும். இந்தப் பயணிக்கு அதுவும் வேண்டியதில்லை.

பயிரின் மூன்று அரண்கள்

பயிர்கள் பூச்சியை எதிர்க்கும் முறையை ஒழுங்குபடுத்திச் சொன்னவர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பூச்சியியல் அறிஞர் றெயினால்ட் பெயின்ரர். 1951ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. பயிருக்கு மூவகை அரண்கள் உண்டு என்றார் அவர். பூச்சி வந்து அமர விரும்பாதபடி இருப்பது முதலாவது. வந்து உண்ட பூச்சி வளராமலும், முட்டையிடாமலும், விரைவில் மாண்டுபோகும்படியும் செய்வது இரண்டாவது. பூச்சி உண்டபோதிலும் அதனைப் பொறுத்துக்கொண்டு விளைச்சல் தருவது மூன்றாவது. வீட்டுக்கு வேண்டாத விருந்தினனை வாசலிலேயே திருப்பி அனுப்புவாரும் உண்டு. உள்ளே விட்டுச் சோறு போடாமல் விடுவாரும் உண்டு. உண்ணட்டும் என்று விட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பாரும் உண்டு. பயிரும் அவ்வாறே.

நெல்லில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியது பிலிப்பைன்ஸ் நாட்டிலே லொஸ் பானொஸ் என்னும் இடத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். 1960களின் பிற்பகுதியில் அங்கு உலகின் பல நாட்டு நெல் வர்க்கங்களைக் கொண்டுவந்து நாற்றுகளாக வளர்த்து, அவற்றின்மேல் அறக்கொட்டிகளை விட்டுப் பார்த்தனர். பெரும்பாலான நாற்றுகள் மடிந்தன. ‘முட்கோ’ என்னும் இந்திய நெல் மடியவில்லை. மடிந்தவை பூச்சிகளே.

முட்கோவின் இரகசியம் என்ன? பூச்சி அதனைக் குத்தாமல் விடவில்லை. மீண்டும் மீண்டும் குத்தியது. ஆனால் சாற்றை உறிஞ்சி நிற்கவில்லை. அறக்கொட்டி உண்ட அளவுக்கேற்பத் தேன்போன்ற கழிவு நீரைச் சொட்டும். அதனை வடிதாளில் ஏந்தி அளந்தால் அது எவ்வளவு உண்டது என்பது புலப்படும். முட்கோவில் வைத்த பூச்சிகள் சொட்டியது மிகச் சிறிதே. அந்நெல்லின் சாற்றிலே அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலம் குறைவாயிருந்ததை 1970இல் சோகவாவும் பதக்கும் எடுத்துக்காட்டி, உணவின் சுவை குன்றியதே பூச்சி பட்டினி கிடந்ததற்குக் காரணமாகலாம் என விளக்கினர். பின்வந்த ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் வெளிப்படுத்தின. பூச்சி குத்திய இடத்தில் சாறு செல்லும் நுண்குழாயை நெல் தன்னுள் சுரக்கும் ஒரு பொருளால் அடைத்துவிடுகிறது. எதிர்ப்பில்லாத நெல்லில் பூச்சி அவ்வடைப்பைக் கரைத்துவிடுகிறது. எதிர்ப்புள்ள நெல்லில் அடைப்பு நீடிக்கிறது. பூச்சி பந்தியில் அமர்ந்திருக்கிறது; இலையில் சோறு விழவில்லை.

நம் மண்ணின் கொடை

இவ்வெதிர்ப்புக் குணம் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்வதுபோல் பரம்பரையலகு வழியாகச் செல்கிறது. ஆகவே ஒரு நெல்லிலிருந்து அதனை இன்னொரு நெல்லுக்கு ஒட்டுக் கலப்பினால் கொண்டுசெல்லலாம். இப்பரம்பரையலகுகளைக் கண்ட வரிசையைப் பார்க்கும்போது தமிழரும் இலங்கையரும் நெஞ்சு நிமிர இடமுண்டு. முதலாவது, முட்கோவிற் கண்டது. இரண்டாவது, ஏ.எஸ்.டி. 7 என்னும் நெல்லில் 1971இல் அறியப்பட்டது. அப்பெயரின் முதலெழுத்துகள் திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பன. மூன்றாவதும் நான்காவதும் இலங்கை மண்ணுக்குரியவை. மூன்றாவது ‘ரத்து ஹீனட்டி’ என்னும் நெல்லிலும், நான்காவது ‘பாபவீ’ என்னும் நெல்லிலும் இருப்பதை லக்ஷ்மிநாராயணாவும் குர்தேவ் குஷ்ஷும் 1977இல் வெளியிட்டனர்.

ரத்து என்பது சிங்களத்தில் சிவப்பு. எந்த உழவன் எந்தக் காலத்தில் அச்செந்நெல்லைத் தெரிந்தெடுத்துக் காத்தான் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் அவன் காத்த நெல்லின் பரம்பரையலகு 1980களில் வெளிவந்த ஐ.ஆர். 56, ஐ.ஆர். 60 ஆகிய வர்க்கங்களுக்குள் புகுந்து, வேறு நாடுகளின் வயல்களைக் காத்தது. 2015ஆம் ஆண்டில் சீன அறிஞர்கள் ரத்து ஹீனட்டியின் அவ்வலகைத் தனியே பிரித்தெடுத்து, அது ஒன்றன்று, அருகருகே அமைந்த மூன்று அலகுகளின் கூட்டு என்றும், பூச்சியின் வரவை உணரும் காவலாளிகள்போல் அவை தொழிற்படுகின்றன என்றும் காட்டினர்.

குருநாகல் மாவட்டத்தில் பத்தலகொட என்னும் ஊரிலுள்ள நமது நெல் ஆராய்ச்சி நிலையமும் வாளாவிருக்கவில்லை. கேரளத்துப் பட்டாம்பியிலிருந்து வந்த பி.டி.பி. 33 என்னும் நெல்லின் எதிர்ப்பாற்றலைத் தன் வர்க்கங்களுட் சேர்த்தது. விதைச் சாக்கின்மேல் நாம் காணும் பீ.ஜீ. என்ற எழுத்துகள் அவ்வூரின் பெயரையே சுட்டுகின்றன.

ஒரு பாடம்

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் அது இனிய கதையாகும். ஆனால் முடியவில்லை.

1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் ஆசியாவின் விளைச்சலைப் பெருக்கியது. நெருங்கிய தூர்கள், மிகுந்த நைதரசன் பசளை, ஓயாத நீர், அடுத்தடுத்த போகங்கள் என்று வேளாண்மை முறையே மாறியது. அறக்கொட்டிக்கு அது திருவிழாவாயிற்று. நைதரசன் மிகுந்த பயிரின் சாறு அப்பூச்சிக்கு நல்லுணவு. 1970களில் கேரளத்திலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் இலங்கையிலும் அது கொள்ளை நோய்போல் பரவியது.

அதற்கு மறுமொழியாக 1973இல் முட்கோவின் அலகைத் தாங்கிய ஐ.ஆர். 26 வெளிவந்தது. நாடு நாடாக அதனையே விதைத்தனர். முதலில் வயல்கள் பிழைத்தன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே வயல்கள் மீண்டும் கருகின. கோடானுகோடிப் பூச்சிகளுள் அந்நெல்லை உண்டும் வாழவல்ல சில முன்னரே இருந்தன. மற்றவை மடிய, அச்சிலவே பெருகிப் புதுக் குலமாயின. உடனே வேறோர் அலகைக் கொண்ட ஐ.ஆர். 36 என்னும் நெல் 1976இல் வந்தது. அது உலகில் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்ரேயரில் பரவியது. அதற்கு முன் எந்த ஒரு நெல்லும் அத்தனை நிலத்தை ஆண்டதில்லை என்பர். காலப்போக்கில் அதன் அரணையும் பூச்சிகள் பல இடங்களிற் கடந்தன. நெல்லின் குலம் பூச்சியின் வளர்ச்சியை மாற்றுகிறது என்பது பாதி உண்மை. எங்கும் ஒரே குலத்தை விதைத்தால் பூச்சியின் குலமும் மாறிவிடும் என்பதே மறுபாதி.

பருத்தி சொல்லும் சாட்சி

இவ்வுண்மை நெல்லுக்கு மட்டும் உரியதன்று. பருத்தியும் இதற்குச் சாட்சி சொல்லும். தென்னாபிரிக்காவில் தத்துப்பூச்சியின் தொல்லையால் பருத்திச் செய்கையே கைவிடப்படும் நிலை இருந்தது. 1920களில் பார்னெல் என்னும் அறிஞர் இலையில் அடர்ந்த மயிர் உடைய செடிகளைத் தெரிந்தெடுத்து யூ4 என்னும் வர்க்கத்தை உருவாக்கினார். மயிர்க்காட்டுக்குள் அச்சிறு பூச்சியால் எளிதில் உண்ணவும் முட்டையிடவும் இயலவில்லை, பருத்தி பிழைத்தது. ஆனால் அதே மயிரடர்ந்த இலை வெள்ளை ஈக்கு வசதியான இருப்பிடம். காய்ப்புழுவின் அந்துப்பூச்சியும் அத்தகைய இலையில் முட்டையிட விரும்புகிறது. ஒரு பகைவனுக்கு அடைத்த கதவு இன்னொருவனுக்குத் திறந்துவிட்டது.

பருத்திச் செடியின் உடலெங்கும் கரும்புள்ளிகளாய்க் காணப்படும் சுரப்பிகளில் கொசிப்போல் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பருத்தி விதையை மனிதர்க்கும் உணவாக்கலாம் என்ற நல்லெண்ணத்தால் 1950களில் அமெரிக்காவில் சுரப்பியற்ற பருத்தியை உண்டாக்கினர். அதற்கு முன் பருத்தியைப் பெரிதும் நாடாத உயிர்களும் அதனைத் தின்னத் தொடங்கின. செடியின் கசப்புக்குப் பொருள் உண்டு என்பதை அப்போது உணர்ந்தனர்.

இந்தியாவில் 2002இல் பி.ரி. பருத்தி அனுமதிக்கப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு பற்றீரியத்தின் அலகைச் செடியில் ஏற்றி, காய்ப்புழு உண்டால் மாளும்படி செய்த பருத்தி அது. தொடக்கத்தில் பெரும்பயன் தந்தது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்தி நிலத்தில் மிகப் பெரும்பகுதியை அதுவே நிறைத்தது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிவிட்டது. ஐ.ஆர். 26இன் கதை வேறு பெயரில் மீண்டும் நிகழ்ந்தது.

மருந்து என்னும் மாயம்

வர்க்கம் கைவிட்டால் மருந்து காக்காதா என்று கேட்கலாம். வயலில் அறக்கொட்டியை உண்ணும் சிலந்திகள் பல; அதன் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும் சிறு நாவாய்ப்பூச்சியும் உண்டு. கூலி கேளாத இக்காவலர் வயலெங்கும் பரந்திருக்கின்றனர். காலமும் அளவும் அறியாமல் பீடைநாசினியைத் தெளிக்கும்போது முதலில் மடிபவர் இவர்களே. இலைமடலுக்குள் பொதிந்த அறக்கொட்டி முட்டைகளோ தப்பிவிடுகின்றன. சில நாளில் குஞ்சுகள் வெளிவரும்போது வயலில் காவலர் எவரும் இல்லை. மருந்து அடித்த வயலிலேயே பூச்சி முன்னிலும் மிகுதியாகப் பெருகும் விந்தை இவ்வாறு நேர்கிறது. இதனை நன்குணர்ந்த இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகை மருந்துகளைத் தடைசெய்து, உழவருக்கு வயலிலேயே பள்ளி நடத்தியது. பூச்சியையும் அதன் பகைவரையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய அங்கே அவர்கள் கற்றனர்.

ஏட்டில் ஒரு களஞ்சியம்

நம் இலக்கியத்தில் பள்ளு என்றொரு வகை உண்டு. முக்கூடற்பள்ளு போன்ற நூல்களில் நெல்வகைகளின் பெயர்கள் அடுக்கடுக்காய் வருவதை மாணவர் அறிவர். அவ்வடுக்கைச் சந்த இன்பத்துக்காகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். சற்றே நின்று நோக்கினால், அது ஒரு காலத்து வயல்களின் விதைக் கணக்கு என்பது தெரியும். ஒரு பெயர் என்பது ஒரு குணம்: ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று வெள்ளம் பொறுக்கும், ஒன்று பூச்சிக்கு இடங்கொடாது. பலகுலத்து நெல்லும் பக்கம் பக்கமாய் நின்ற வயல்வெளியில் ஒரு பூச்சி எல்லாவற்றையும் ஒருசேர வெல்வது அரிது.

ஈழத்து நெல்வகைகளிலும் தமிழ்ப் பெயர்கள் குறைவல்ல. பச்சைப்பெருமாள் என்னும் பெயரைச் சிங்கள உழவரும் வழங்குகின்றனர். 1958இல் பத்தலகொட வெளியிட்டுப் புகழ்பெற்ற எச். 4 என்னும் நெல்லின் பெற்றோருள் ஒன்று முருங்கைக்காயன். வயலிலே மொழி வேலி இருந்ததில்லை. விதை இருபுறமும் கை மாறியிருக்கிறது. இன்றோ இலங்கையின் நெல் நிலத்தில் மிகப் பெரும்பகுதியைப் புதுவர்க்கங்களே ஆள்கின்றன. அவை இல்லையேல் பெருகிய குடித்தொகைக்குச் சோறு இல்லை; ஆதலின் பழித்தற்கு இடமில்லை. எனினும் பழைய நெல் வயலைவிட்டு நீங்கும்போது அதனுள் உறங்கும் இன்னொரு ரத்து ஹீனட்டியும் நீங்கிவிடக்கூடும் அன்றோ? பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் 1988இல் நிறுவிய தாவரப் பரம்பரை வள நிலையம் இவ்விதைகளைக் குளிரறையில் காக்கிறது. அது தேவையான பணியே. ஆனால் குளிரறையில் உறங்கும் நெல்லுக்குப் புதிய பூச்சியோடு பொருதிப் பழக வாய்ப்பில்லை. அப்பழக்கம் வயலிலேதான் கிட்டும்.

பெரும்போகத்து மழைக்கு முன்னர், விதைச் சாக்கின் வாயை அவிழ்க்கும் வேளையில், அறக்கொட்டியோடு நடக்கும் போரின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. வட்டை முழுவதும் ஒரே வர்க்கத்தை விதைக்காமலிருத்தல், எதிர்ப்புள்ள வர்க்கத்தைக் கேட்டறிந்து தேர்தல், யூரியாவை அளவோடு இடுதல், தூரின் அடியை விலக்கிப் பார்க்காமல் மருந்தைக் கையிலெடுக்காதிருத்தல் ஆகிய நான்கும் பெருஞ்செலவு வேண்டாதவை. வேண்டுவது அறிவு ஒன்றே. அதனை வழங்கும் கடமை திணைக்களத்துக்கு மட்டும் உரியதன்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் உள்ள பாடசாலை ஆசிரியர்கள் ஒருநாள் மாணவரை வயலுக்கு அழைத்துச் சென்று, தூரை விலக்கிக் காட்டி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணச் சொல்லலாம். வீட்டிலே பாட்டனார் நாவில் எஞ்சியிருக்கும் நெற்பெயர்களை ஏட்டில் எழுதிவரச் செய்யலாம். பள்ளுப் பாட்டின் ஒரு பக்கம் அவர்கள் கையால் மீண்டும் எழுதப்பட்டதாகும்.

கோணேசர் மலையிலிருந்து பார்க்கையில் துறைமுகம் பெரிதாகவும் வயல் சிறு பச்சைக் கோடாகவும் தோன்றுகிறது. அது பார்க்கும் இடத்தின் பிழை. வந்த கப்பல்களும் கொடிகளும் பல. அவை வந்தவாறே போயின. சிவந்த நெல்மணி ஒன்றோ, பெயரறியா உழவன் ஒருவனின் கையிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து சென்று, அவன் காணாத நாட்டு மக்களின் சோற்றைக் காத்தது. அக்கையின் வழிவந்தவர் நாம் என்பதை அடுத்த விதைப்புக்கு முன் நினைவிற் கொள்வோமாக.